தாதாபுரத்துக் கல்வெட்டும் ஒரு குழு நோட்டும்



சென்ற இதழில் ஜெனரேட்டர் டீசல் கணக்கையும் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்த செலவையும் எழுதியவன் நான்தான். அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் போன் செய்தார்கள். இரண்டு பேருமே கூட்டல் சரியா என்று கேட்கத்தான் செய்தார்கள். இந்த முறை செயலாளர், "கணக்கு போதும் சார், நம்ம ஊர் வரலாறு ஏதாவது எழுதுங்க" என்றார். நான் பி.காம். படித்தவன். வரலாற்றுப் பாடம் பள்ளிக்கூடத்தோடு முடிந்தது. அதன் பிறகு வங்கியில் குமாஸ்தா வேலை, இப்போது ஓய்வு. ஆனாலும் எழுத ஒப்புக்கொண்டேன். காரணம், திருவக்கரையில் நான் பார்த்த ஒரு நோட்டுப் புத்தகம்.

நம் குடியிருப்பு மகளிர் குழுவினர் பௌர்ணமிக்கு வேன் வைத்துத் திருவக்கரை போனது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு இடம் காலியாக இருந்ததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வக்கிரகாளியம்மன் கோயில் என்றுதான் நம்மில் பலருக்கு அந்த ஊரைத் தெரியும். அங்குள்ள சந்திரமௌலீஸ்வரர் கோயிலைக் கல்லால் எடுத்துக் கட்டியவர் செம்பியன் மாதேவி. கண்டராதித்த சோழரின் மனைவி, உத்தம சோழரின் தாய். கணவர் போன பிறகு பல ஆண்டுகள் வாழ்ந்து, செங்கல்லாக இருந்த கோயில்களை ஒவ்வொன்றாகக் கற்றளியாக மாற்றியவர். ஊருக்குப் பக்கத்திலேயே கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மண்ணில் புதைந்த மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1781இலேயே சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார்.

தரிசனம் முடிந்து ஒரு டிபன் கடையில் உட்கார்ந்தோம். கடை நடத்தும் அம்மா என்னை இரண்டு தடவை உற்றுப் பார்த்தார்.

"சார், நீங்க பேங்க்ல கவுண்டர்ல இருந்தவர்தானே?"

ஆமாம் என்றேன். "நான் குழு லீடரா வருவேன் சார், உங்களுக்கு ஞாபகம் இருக்காது" என்றார். எனக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. அவர் கடைப் பையனிடம் ஏதோ சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். அவன் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தான். அட்டையில் 1994 என்று இருந்தது. குழுவின் தீர்மானப் புத்தகம்.

அதைப் பிரிக்கும் முன் குழுக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் வேலை செய்யும் அம்மாக்களில் பலரும் "செவ்வாய்க்கிழமை குழு இருக்கு, சீக்கிரம் போகணும்" என்பார்கள். நாமும் சரி என்று விட்டுவிடுவோம். அந்தக் குழு எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டதில்லை.

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்களை அரசு திட்டமிட்டுத் தொடங்கியது 1989இல், தர்மபுரி மாவட்டத்தில். ஐ.நா.வைச் சேர்ந்த பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அது நடந்தது. அடுத்த கட்டமாக 1991-92இல் விரிவுபடுத்திய மாவட்டங்களில் ஒன்று நம்முடைய பழைய தென்னாற்காடு. அப்போது விழுப்புரம் மாவட்டம் கிடையாது. அது பிறந்ததே 1993 செப்டம்பர் 30இல்தான். ஆகவே நம் மாவட்டத்தைவிட நம் மாவட்டத்துக் குழுக்கள் மூத்தவை! 1992இல் நபார்டு வங்கி, நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1997-98இல் தமிழக அரசின் மகளிர் திட்டம் வந்தது. பிறகு குழு இல்லாத கிராமமே இல்லை என்றாகிவிட்டது.

இதற்கும் முன்னால் மாதர் சங்கங்கள் இருந்தன. 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தபோது கிராம சேவிகா, முக்கிய சேவிகா என்று பெண் ஊழியர்கள் ஊருக்குள் வந்து, தையலும் சத்துணவும் குழந்தை வளர்ப்பும் சொல்லிக்கொடுத்தார்கள். நம்மில் எழுபது வயதைத் தாண்டிய அம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

குழுவின் வேலை எளிமையானது. 12 முதல் 20 பெண்கள் சேர்வார்கள். வாராவாரமோ மாதாமாதமோ ஒரு தொகை சேமிப்பார்கள். சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுத்துக்கொள்வார்கள். அதுதான் உள்கடன். ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் வங்கி அதைப் பார்த்து, சேமிப்பைப் போல சில மடங்கு கடன் தரும். இதில் முக்கியமானது, ஒவ்வொரு கூட்டத்திலும் யார் வந்தார்கள், யாருக்கு எவ்வளவு, எதற்காக என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியே ஆக வேண்டும். எழுதத் தெரிந்தவர் ஒருவர் எழுதுவார். மற்றவர்கள் கையெழுத்தோ கைரேகையோ வைப்பார்கள்.

இப்போது அந்த நோட்டுக்கு வருகிறேன்.

மாதம் 20 ரூபாய் சேமிப்பு, நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி. முதல் உள்கடன் 300 ரூபாய். காரணம்: "பிரசவம். ராத்திரி திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு கார் வாடகை." அடுத்தது விதை வேர்க்கடலை. அடுத்தது பெண் பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை. நடுவில் ஒரு தீர்மானம், ஊருக்குள் சாராயம் விற்பதைப் பற்றிக் கலெக்டருக்கு மனு. 2012 ஜனவரியில் ஒரு பக்கம்: "தானே புயலால் போன மாதம் கூட்டம் இல்லை. கூரை போன மூன்று பேருக்கு முதலில் கடன்." அந்தப் புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. செய்தித்தாளில் காற்றின் வேகம் வந்தது. எந்தத் தெருவில் யாருடைய கூரை போனது, அதை யார் பணம் கொடுத்துக் கட்டினார்கள் என்பது இந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

புரட்டிக்கொண்டே வந்தபோது முதல் ஆண்டுப் பக்கம் ஒன்றில் அந்த அம்மா விரலை வைத்தார். "இதப் படிங்க சார்."

"இன்றும் பேங்க் சார் இல்லை என்றார். மூன்றாவது தடவை. பஸ் செலவு 18 ரூபாய் குழுக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்று தீர்மானிக்கப்பட்டது."

அந்த பேங்க் சார் நான்தான்.

நடந்தது எனக்கு மெல்ல மெல்ல நினைவுக்கு வந்தது. சங்கம் பதிவு செய்யப்பட்டதா, பதிவு எண் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பதிவு செய்யாத குழுவுக்கும் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி அதற்கு முன்பே சொல்லிவிட்டது. சுற்றறிக்கை கோப்பில்தான் இருந்தது. நான் படிக்கவில்லை. மதிய வேளையில் ஏழெட்டுப் பெண்கள் கூட்டமாக வந்து நின்றால் எனக்கு எரிச்சல் வரும். அவ்வளவுதான் காரணம். 18 ரூபாய் அன்றைக்கு ஒருத்தியின் ஒரு மாதச் சேமிப்புக்குக் கிட்டத்தட்ட சமம்.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அதுக்குக் காட்டல சார். அப்புறம் மேனேஜர் பாத்து போட்டுக் குடுத்தாரு. இன்னொரு வடை வைக்கவா?" என்றார். வடை இறங்கவில்லை.

வீடு திரும்பியதும் நூலகத்துக்குப் போய் நம் பகுதியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். நான் தேடிப் போனது ஒன்றே ஒன்று: நம்ம ஊர் வரலாற்றில் பெண்கள் எழுதி வைத்தது, பெண்கள் சேர்ந்து செய்தது என்ன? மூன்று சங்கதிகள் கிடைத்தன.

முதலாவது தாதாபுரம். திண்டிவனத்திலிருந்து வந்தவாசி சாலையில் வெள்ளிமேடுபேட்டைப் பக்கம் இருக்கிறது. சோழர் காலத்தில் ராஜராஜபுரம். பொன்னியின் செல்வன் படத்தில் த்ரிஷா நடித்தாரே, அந்தக் குந்தவை, ராஜராஜ சோழனின் அக்கா, இந்த ஊரில் மூன்று கோயில் கட்டினார். சிவனுக்கு இரவிகுலமாணிக்க ஈசுவரம். பெருமாளுக்குக் குந்தவை விண்ணகர். சமணருக்குக் குந்தவை ஜினாலயம். ஒரே ஊரில் மூன்று சமயத்துக்கும்! இன்றைக்கு நாம் போனால் பார்க்கக் கிடைப்பவை சிவன் கோயிலும் கரிவரதராஜப் பெருமாள் கோயிலும்தான். ஜினாலயம் கல்வெட்டில்தான் இருக்கிறது.

அந்தக் கல்வெட்டு சுமார் 1,000 ஆண்டுக்கு முந்தையது. குந்தவை இந்தக் கோயில்களுக்குக் கொடுத்த பொன், வெள்ளி, முத்து நகைகளின் பட்டியல் அதில் இருக்கிறது. படித்தபோது எனக்குக் கல்வெட்டாகவே தெரியவில்லை, லெட்ஜராகத்தான் தெரிந்தது. என்ன பொருள், யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது. கொடுத்ததை எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு இல்லை என்பார்கள் என்று அந்த அம்மையாருக்குத் தெரிந்திருக்கிறது. எழுதி வைத்ததால்தான், இடிந்துபோன ஒரு சமணக் கோயில் இருந்ததென்றே இன்று நமக்குத் தெரிகிறது.

இரண்டாவது திண்டிவனம். வேலூர் சி.எம்.சி.க்கு நம்மில் போகாதவர் குறைவு. அந்த ஆஸ்பத்திரியின் கதை தொடங்குவது நம் திண்டிவனத்தில் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1890ஆம் ஆண்டு வாக்கில் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண், உடம்பு சரியில்லாத தாயாரைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து இங்கே வந்திருந்தார். ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா மிஷன் டாக்டர். இந்தியாவில் தங்கிவிடும் எண்ணமே ஐடாவுக்கு இல்லை. ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மனைவிக்குப் பிரசவ வேதனை, நீங்கள் வந்து பாருங்கள் என்றார்கள். எனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று மூவருமே மறுத்துப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அதன் பிறகுதான் அவர் மருத்துவம் படிக்க முடிவு செய்தார். 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் இந்தியா திரும்பினார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் காலமான தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில், 1902இல் வேலூரில் 40 படுக்கை ஆஸ்பத்திரி எழுந்தது. (வங்கிக்காரர்களில் நல்லவர்களும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.) 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. அதற்குப் பணம்? 1920களின் தொடக்கத்தில், ஆசியாவில் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்கப் பெண்கள் மிஷன் சங்கங்கள் நிதி திரட்டின. நீங்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் நாங்கள் 10 லட்சம் தருகிறோம் என்றது ராக்ஃபெல்லர் குடும்ப நிதி. பெண்கள் சிறு தொகைகளாகவும் சேர்த்து முடித்தார்கள். அதில் ஒரு பங்கு வேலூருக்கு வந்தது. நீ சேமி, நான் மேலே போட்டுத் தருகிறேன் என்பதுதானே நம் குழுக் கடனும்?

ஆனால் அந்த மூன்று பெண்கள்? கதை சொல்லப்படும் இடங்களில் எல்லாம் "ஒரு பிராமணரின் மனைவி", "ஒரு முஸ்லிமின் மனைவி" என்றுதான் வருகிறார்கள். அவர்களால் ஒரு பெரிய ஆஸ்பத்திரியே வந்தது, அவர்கள் பெயர் கதையில் வரவில்லை. நூறு வருடம் கழித்து, அதே திண்டிவனத்துக்குப் பிரசவத்துக்காக ராத்திரியில் கார் பிடித்துப் போன ஒரு பெண்ணின் பெயர் குழு நோட்டில் இருக்கிறது. கடன் தொகை, திருப்பிக் கட்டிய தேதி, எல்லாம் இருக்கிறது. அந்தப் பெண்ணும் நன்றாக இருக்கிறார். அன்று பிறந்த பையன்தான் வீட்டுக்கு ஓடிப்போய் நோட்டைக் கொண்டுவந்த பிள்ளைக்கு அப்பா.

மூன்றாவது ஓமந்தூர். திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊர். ஓமந்தூரார் 1947இல் சென்னை மாகாணத்தின் முதல்வரானார் என்பது நமக்குத் தெரியும். அவர் ஆட்சியில்தான் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்கு இருபது வருடம் முன்பே, 1927இல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின்னால் இந்திய மாதர் சங்கம் நின்றது. 1917இல் அடையாறில் தொடங்கிய சங்கம் அது. இருபது வருடம் கூட்டம் போட்டு, மனு எழுதி, பேசிப் பேசிச் செய்த வேலை. நாம் சட்டம் வந்த ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்தோம்.

இவை மூன்றையும் அந்த நோட்டோடு சேர்த்துப் பாருங்கள். கல்லில் எழுதியது 1,000 வருடம் நின்றது. சட்டமன்றத்தில் பேசியது அச்சாகி நின்றது. குழு நோட்டு வெறும் காகிதம். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நம் கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதைப் பற்றி இரண்டு இதழ் எழுதினோம். அந்த மழையில் கிராமங்களில் எத்தனை டிரங்குப் பெட்டிகள் நனைந்தன? அந்த அம்மா நோட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரண் மேல் வைத்திருந்ததால் அது தப்பியது. பக்கத்துத் தெருக் குழுவின் நோட்டுகள் கூழாகிவிட்டன என்றார். வேறொரு குழு கலைந்தபோது எடைக்குப் போட்டுவிட்டார்களாம்.

வங்கியில் நாங்களும் அதைத்தான் செய்தோம். காலக்கெடு முடிந்த பதிவேடுகளை விதிப்படி மூட்டை கட்டி அழிக்க அனுப்புவோம். குழுக்களின் கடன் விண்ணப்பங்களும் தீர்மான நகல்களும் அதில் போயின. கையெழுத்துப் போட்டு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். விதி மீறவில்லை. ஆனாலும் இப்போது அந்த மூட்டைகளை நினைத்தால் என்னவோ செய்கிறது.

முப்பது வருடத்துக்கு முன் குழு தொடங்கியவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. நோட்டு இருந்தாலும், அதில் எழுதியிருப்பதற்கு அர்த்தம் சொல்ல அவர்கள் வேண்டும். "பெ. வீட்டு விஷயம் பேசி முடிக்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. என்ன விஷயம் என்று அந்த அம்மா சொல்லிக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது அவர்களுடைய சங்கதி, இங்கே எழுத மாட்டேன்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பெரிய வேலை ஒன்றும் இல்லை.

உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவிடம், பூக்காரம்மாவிடம், கீரைக்காரம்மாவிடம், "உங்க குழு எப்போ ஆரம்பிச்சீங்க? பழைய நோட்டு இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நின்றபடி கேட்காதீர்கள். உட்காரச் சொல்லி, ஒரு காபி கொடுத்துக் கேளுங்கள்.

நோட்டு இருந்தால், அவர் சம்மதித்தால் மட்டும், பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து அவருடைய பிள்ளையின் போனுக்கே அனுப்பிவிடுங்கள். நோட்டை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அதில் கடன் விவரமும் குடும்ப விவரமும் இருக்கும். நாலு பேருக்குக் காட்டவோ குரூப்பில் போடவோ கூடாது. நம் பாஸ்புக்கை யாராவது அப்படிச் செய்தால் நாம் சும்மா இருப்போமா?

நம் வீட்டுப் பெரியவர்களையும் விட்டுவிடாதீர்கள். பி பிளாக்கில் ஒரு பாட்டி, ஐம்பதுகளில் மாதர் சங்கத்தில் தையல் கற்றவர் என்று இப்போதுதான் தெரிந்தது. நாலு வருடமாக லிப்டில் குட்மார்னிங் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கேட்டதில்லை.

மகளிர் குழுவினரிடம் பேசியிருக்கிறேன். அடுத்த வேன் தாதாபுரத்துக்கு. இந்த முறை திருவக்கரை அம்மாவையும் அவர் குழுவில் வர முடிந்தவர்களையும் விருந்தினராக அழைத்திருக்கிறோம். குந்தவை எழுதிவைத்த கணக்கை அவர்கள் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பஸ் செலவு 18 ரூபாய் என் கணக்கில் பாக்கி நிற்கிறது. அதற்குப் பதிலாக வேன் வாடகையில் என் பங்கைக் கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கிறேன். வட்டியோடு கணக்குப் பார்த்தால் இன்னும் பாக்கி இருக்கும், தெரியும்.

வர விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். பெண்களுக்கு முன்னுரிமை. இடம் மிச்சம் இருந்தால் நாம்.